ஆசிரியர்களுக்கான கோடைக்கால ஆய்வுத் திட்டம்

ஆசிரியர்களுக்கான கோடைக்கால ஆய்வுத் திட்டம் என்பது, கல்லூரியிலோ பள்ளியிலோ பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர், கோடை விடுமுறையில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில் சில வாரங்கள் தங்கி, அங்குள்ள அறிவியலாளர் ஒருவரின் வழிகாட்டலில் ஆய்வில் ஈடுபட வழிசெய்யும் ஏற்பாடு ஆகும். இந்தியாவில் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது மூன்று அறிவியல் அகாதமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் ஆகும். மாணவர்களுடன் ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

தேர்வு பெறுவது இத்திட்டத்தின் ஒரு பாதி மட்டுமே. தேர்வான ஆசிரியர் உண்மையில் வளாகத்திற்குச் சென்று எட்டு வாரங்கள் தங்குவாரா என்பதை விடுப்பு, அறை, உணவு, பயணம், கைச்செலவு ஆகியவையே முடிவு செய்கின்றன. பெருநகர ஆசிரியர் ஒருவருக்குச் சிறியனவாகத் தோன்றும் இவ்வேற்பாடுகள், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டத்திலிருந்து செல்பவருக்கு அவ்வாறு இருப்பதில்லை. ஆகவே இக்கட்டுரை அம்மாவட்டத்தையும் அதனைச் சேர்ந்த கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வேற்பாடுகளை விளக்குகின்றது.

வரலாறு

ஆசிரியர்களைக் கோடையில் பல்கலைக்கழக வளாகங்களுக்கு வரவழைக்கும் முறையை ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1953ஆம் ஆண்டு முதல் ஆதரித்து வந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் இசுப்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதைத் தொடர்ந்து, அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சத்தால் அம்முறை அங்கு பன்மடங்கு விரிந்தது. இந்தியாவில் 1963ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவும் அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமையும் ஒத்துழைத்துக் கோடை நிறுவனங்களைத் தொடங்கின. புதிய பாடத்திட்டங்களையும் செய்முறைகளையும் ஆசிரியர்களுக்குக் கற்பிப்பதே அவற்றின் நோக்கமாகும். அங்கு ஆசிரியர் மீண்டும் மாணவராக அமர்ந்தார், ஆய்வு செய்யவில்லை.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து 1987 முதல் பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் நிறுவப்பட்டன. பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாறிய இவை, 2023இல் மாளவியா இயக்கத்தின் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆயின. கல்லூரி ஆசிரியர்கள் நன்கறிந்த 'புத்தொளிப் பயிற்சி' இம்மையங்களில் நடைபெறுவதாகும்.

இவற்றுக்கும் ஆய்வுத் திட்டத்திற்கும் இடையே நடைமுறையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புத்தொளிப் பயிற்சிக்கு ஆசிரியர்கள் ஒரு குழுவாக வருகின்றனர். அவர்களுக்கென விடுதி ஒதுக்கப்படுகின்றது, உணவுக்கூடத்திற்கு எண்ணிக்கை முன்கூட்டியே சொல்லப்படுகின்றது, இவற்றைக் கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கின்றார். ஆய்வுக்குச் செல்லும் ஆசிரியரோ தனியாகச் செல்கின்றார். நாற்பது பேர் வரும்போது ஏற்பாடு ஓர் அலுவலகத்தின் வேலையாகின்றது. ஒருவர் மட்டும் வரும்போது அது எவருடைய வேலையும் ஆவதில்லை. பின்வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே தோன்றுகின்றன.

மூன்று அகாதமிகளின் திட்டம்

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி (1934இல் ச. வெ. இராமனால் நிறுவப்பட்டது), புது தில்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாதமி, பிரயாக்ராசில் (முன்னர் அலகாபாத்) உள்ள தேசிய அறிவியல் அகாதமி ஆகிய மூன்றும் இத்திட்டத்தை நடத்துகின்றன. பெங்களூர் அகாதமி 1990களில் தொடங்கிய திட்டத்தில் ஏனைய இரண்டும் பின்னர் இணைந்து கொண்டன. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிர் அறிவியல், புவி மற்றும் கோள் அறிவியல், பொறியியல் ஆகிய துறைகளில் விண்ணப்பங்கள் ஏற்கப்படுகின்றன. விண்ணப்பம் பொதுவாக நவம்பர் இறுதிக்குள் இணையம் வழியாக அளிக்கப்பட வேண்டும். தாம் செய்ய விரும்பும் ஆய்வு பற்றிய சிறு குறிப்பு ஒன்றையும் விண்ணப்பதாரர் எழுத வேண்டும்.

ஆய்வுக் காலம் இரண்டு மாதங்கள். நான்காம் வார முடிவில் ஓர் இடை அறிக்கையும், எட்டாம் வார முடிவில் முழு அறிக்கையும் அளிக்க வேண்டும். மாத உதவித்தொகையும், வரையறைக்கு உட்பட்ட தொடர்வண்டிப் பயணச் செலவும் வழங்கப்படுகின்றன.

வழிகாட்டியையும், அவர் வழியே இடத்தையும், அகாதமிகளே பொருத்தித் தருகின்றன என்பதை விண்ணப்பிப்போர் நினைவில் கொள்ள வேண்டும். அருகில் உள்ள புதுச்சேரியோ சென்னையோ கிடைக்கும் என்ற உறுதியில்லை. ஐதராபாத்தோ புனேயோ கிடைக்கலாம். இடம் தெரிவதற்கும் புறப்படுவதற்கும் இடையே உள்ள சில வாரங்களுக்குள் அனைத்து ஏற்பாடுகளையும் செய்து முடிக்க வேண்டியிருக்கும்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. 2022இல் இங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும் அடிப்படை அறிவியலுக்கான பெரிய ஆய்வு நிறுவனம் எதுவும் மாவட்டத்தில் இல்லை. கிழக்கே புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் (1985), 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், கடலோரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையமும், வடக்கே கல்பாக்கம், சென்னை நிறுவனங்களும், தெற்கே திருச்சிராப்பள்ளியும் உள்ளன. இவற்றுள் எதற்கும் நாள்தோறும் சென்று திரும்புவது இயலாது. ஆகவே இம்மாவட்ட ஆசிரியருக்கு ஆய்வு என்பது வீட்டை விட்டு வெளியே தங்குவது என்றே பொருள்படும்.

மாவட்டத்தின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை அமைந்துள்ளது. இம்மலை சேலம் மாவட்டத்திலும் பரவியுள்ளது. பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள் இங்கு பெருந்தொகையாக வாழ்கின்றனர். (கேரளத்தில் மலையாளம் பேசும் மக்களுடன் இவர்களைக் குழப்பிக் கொள்ளக் கூடாது, மலையில் ஆள்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர் எனக் கூறப்படுகின்றது. இவர்கள் பேசுவது தமிழே.) கள்ளக்குறிச்சிப் பகுதியில் வெள்ளிமலை முதன்மையான ஊராகும். கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலைச்சாலை ஏறுகின்றது. மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்த மாணவர்கள், மேல்நிலைக் கல்விக்குப் பின் பெரும்பாலும் அடிவாரத்துக் கல்லூரிகளுக்கே வருகின்றனர். அவர்களில் பலருக்கு, ஆய்வகம் ஒன்றைப் பார்த்த முதல் மனிதர் தம் கல்லூரி ஆசிரியராகவே இருப்பார். அந்த ஆசிரியர் ஆய்வகத்தில் வேலை செய்தவரா, படித்து மட்டும் அறிந்தவரா என்பது மாணவர்களைப் பொறுத்தவரை சிறிய செய்தியன்று.

பயணம்

கள்ளக்குறிச்சி நகரம் சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ளது. பழைய தொடர்வண்டிப் பாதை நகரைத் தொடாமல் சின்னசேலம் வழியே செல்கின்றது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பாதைக்கு 2000களில் ஒப்புதல் தரப்பட்டு, பணி பல ஆண்டுகள் நீண்டது. தொலைதூர வண்டிகளுக்கு மக்கள் பேருந்தில் சேலத்திற்கோ விழுப்புரத்திற்கோ செல்வதே வழக்கம்.

இதனால் பயணச் செலவுக் கணக்கில் ஒரு சிறு முடிச்சு விழுகின்றது. திட்டம் ஈடுசெய்வது தொடர்வண்டிக் கட்டணத்தை. ஆனால் பயணம் தொடங்குவதோ பேருந்தில். வெள்ளிமலையிலிருந்து புறப்படுபவர் மலையிறங்கி, கள்ளக்குறிச்சியில் பேருந்து மாறி, சேலத்தை அடைந்த பின்னரே தொடர்வண்டி ஏறுகின்றார். பேருந்துச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தி, அவற்றை ஏற்பார்களா என்று முன்னரே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக் கொள்வது நல்லது. கோடையில் முன்பதிவு விரைவில் தீர்ந்துவிடுவதால், சேரும் நாள் உறுதியான அன்றே பயணச்சீட்டு எடுக்கப்பட வேண்டும். இரவில் வந்து சேரும் வண்டியைத் தவிர்ப்பது நன்று. விடுதிச் சாவி வைத்திருக்கும் அலுவலகம் பெரும்பாலான வளாகங்களில் மாலையில் மூடப்படும்.

விடுப்பும் அனுமதியும்

இதுவே அனைத்திலும் கடினமான பகுதியாகும். கல்லூரி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை உண்டு என்பதால் இரண்டு மாதங்கள் தாமாகவே கிடைத்துவிடும் என்று வெளியில் இருப்போர் எண்ணுகின்றனர். நாட்காட்டி அவ்வாறு அமைவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பருவத் தேர்வுகள் நடைபெறுகின்றன. அவற்றைத் தொடர்ந்து விடைத்தாள் திருத்தும் பணி வருகின்றது. இப்பகுதிக் கல்லூரிகள் முன்னர் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைவில் இருந்தன. இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவில் உள்ளன. பல்கலைக்கழகத்தின் தேர்வு அட்டவணை சில நாட்கள் தள்ளிப்போனாலும் ஆய்வுக்குப் புறப்படும் நாளும் தள்ளிப்போகும். மறுமுனையில் சூன் மாதம் கல்லூரி திறந்து சேர்க்கைப் பணி தொடங்கிவிடுகின்றது. இடையே எஞ்சுவது பெரும்பாலும் எட்டு வாரங்களுக்குக் குறைவே.

தேர்தல் ஆண்டுகளில் இது மேலும் சுருங்கும். 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்றும், வாக்கு எண்ணிக்கை சூன் 4 அன்றும் நடைபெற்றன. அரசுப் பணியில் உள்ள ஆசிரியர்களே வாக்குச்சாவடி அலுவலர்களாகவும் எண்ணிக்கைப் பணியாளர்களாகவும் அமர்த்தப்படுகின்றனர்.

ஆகவே விண்ணப்பிக்கும் போதே கல்லூரி முதல்வரிடம் தடையின்மைச் சான்று பெறுவதுடன், விடுமுறையைத் தாண்டும் நாட்கள் எக்கணக்கில் சேரும் என்பதையும் எழுத்தில் பெற்றுக் கொள்ள வேண்டும். அவை பணிநாட்களாகவே கருதப்படலாம். ஈட்டிய விடுப்பில் கழிக்கப்படலாம். ஊதியமில்லா விடுப்பாகவும் முடியலாம். வாய்மொழி உறுதி போதாது. முதல்வர் மாறிவிட்டால் அந்த உறுதியும் உடன் சென்றுவிடும். விடைத்தாள் திருத்தும் பணியை முதல் முகாமிலேயே முடித்துக் கொள்வதும், தம் பாடத்தின் சேர்க்கைப் பணியை உடன் பணியாற்றும் ஒருவரிடம் ஒப்படைத்து அதனை முதல்வருக்குத் தெரிவிப்பதும் அனுபவமுள்ள ஆசிரியர்கள் பின்பற்றும் வழிகளாகும். வழிகாட்டியிடம் பேசி, தொடங்கும் நாளை ஓரிரு வாரம் முன்பின்னாக மாற்றக் கேட்பதிலும் தவறில்லை. கேட்காமல் இருந்து, ஐந்தாம் வாரத்தில் பாதியில் திரும்புவதே ஆய்வகத்திற்கு உண்மையான இடையூறு ஆகும்.

பதவி உயர்வுக்குப் புத்தொளிப் பயிற்சி கணக்கில் சேர்வது போல இவ்வாய்வுக் காலம் தானாகவே சேர்வதில்லை. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் பலர் பயிற்சியையே தேர்கின்றனர். அவர்களைக் குறை கூற இயலாது.

கௌரவ விரிவுரையாளர்கள்

தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் பணியாற்றுகின்றனர். ஆண்டுக்குப் பதினொரு மாதங்களுக்கே ஊதியம் வழங்கப்படுவதும், மே மாதத்திற்கு ஊதியம் இல்லாததும் நெடுநாளைய நடைமுறையாகும். இவர்களுக்குக் கோடை ஆய்வு உதவித்தொகை ஒரு மதிப்பு மட்டுமன்று, வருவாயற்ற ஒரு மாதத்தின் வருவாயும் ஆகும். அதே வேளையில் சூன் மாதத்தில் கல்லூரி திறக்கும் நாளில் வளாகத்தில் இல்லாமல் போனால் வேலை தொடருமா என்ற அச்சமும் இவர்களுக்கே மிகுதி. தடையின்மைச் சான்று யாரிடம் பெறுவது, அது எவ்வளவு காலத்திற்குச் செல்லும் என்பவற்றை இவர்கள் முன்னரே தெளிவுபடுத்திக் கொள்வது இன்றியமையாதது.

மாறாக, அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2017இல் அறிவித்த ஆசிரியர் ஆய்வு இணைப்புத் திட்டம் நிலையான பணியில் உள்ளோருக்கானது. அதன்படி ஆசிரியர் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் குறைந்தது 90 நாட்கள் புரவல நிறுவனத்தில் ஆய்வு செய்ய வேண்டும். அவ்வாரியத்தின் பணிகள் 2024 முதல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் வந்துள்ளன.

தங்குமிடம்

கோடையில் மாணவர்கள் ஊர் திரும்புவதால் விடுதி அறைகள் காலியாக இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அதே கோடையில்தான் நிறுவனங்கள் நாடெங்கிலுமிருந்து பயிற்சி மாணவர்களை வரவழைக்கின்றன. விடுதிகளுக்கு வெள்ளையடித்துப் பழுது பார்ப்பதும் அப்போதுதான். ஆகவே சேர்க்கைக் கடிதம் கிடைத்தவுடன் அறைக்கான கோரிக்கையை வழிகாட்டி மூலமாக அனுப்ப வேண்டும். வெளியாளின் மின்னஞ்சல் பல நாட்கள் பதிலின்றிக் கிடக்கும். பேராசிரியரின் கையொப்பத்துடன் செல்லும் படிவத்திற்கு அந்த நிலை நேர்வது குறைவு.

பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. மாணவர் விடுதி அறை மலிவானது. ஆனால் பொதுக் குளியலறையும், ஆசிரியரின் பாதி வயதுள்ள அறைத்தோழரும் அதனுடன் வருவர். நாற்பத்தைந்து வயதில் இதற்குப் பழகச் சில நாட்கள் பிடிக்கும். விருந்தினர் இல்லம் வசதியானது. ஆனால் நாள் வாடகை என்பதால் இரண்டு மாதங்களில் உதவித்தொகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மேலும் கருத்தரங்கு ஏதேனும் வந்தால் அறையைக் காலி செய்யச் சொல்வதும் உண்டு. மூன்றாவது வழி, வளாகத்திற்கு அருகில் உள்ள தனியார் விடுதி. மாத வாடகையுடன் முன்பணமும் கேட்கப்படும் என்பதால், முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைச் சேரும் முன்னரே கேட்டறிய வேண்டும். பெண் ஆசிரியர்கள் விடுதி வாயில் மூடும் நேரத்தையும், ஆய்வகத்தில் இரவு நேரம் ஆனால் திரும்பி வர வளாகப் பேருந்து உண்டா என்பதையும் விசாரித்துக் கொள்வது வழக்கம். சோதனைகள் கடிகாரம் பார்த்து முடிவதில்லை.

படுக்கை விரிப்பு, போர்வை, வாளி, பூட்டு ஆகியவை விடுதிகளில் பெரும்பாலும் தரப்படுவதில்லை. உணவுக்கூடத்தில் மாதத் தொகை முன்கூட்டியே பெறப்படும். சில இடங்களில் கோடையில் ஒரே உணவுக்கூடம் மட்டும் இயங்கும். நீரிழிவு போன்ற காரணங்களால் உணவுக் கட்டுப்பாடு உடையவர்கள் அறையில் மின்கெண்டி வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம். பல விடுதிகளில் அது விதிமீறலாகும்.

பணம்

உதவித்தொகை சேர்ந்த அன்றே கைக்கு வருவதில்லை. சேர்ந்ததற்கான அறிக்கை, வங்கி விவரம், வழிகாட்டியின் ஒப்பம் ஆகியவை சென்று சேர்ந்த பின்னரே தொகை வரவு வைக்கப்படும். அதற்குள் அறைக்கும் உணவுக்கும் பணம் கட்டியாக வேண்டும். ஆகவே முதல் மாதச் செலவு முழுவதையும் கையில் வைத்திருக்காமல் புறப்படுவது தொல்லையில் முடியும். மே மாதம் ஊதியமற்ற கௌரவ விரிவுரையாளருக்கு இது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேர்வு பெற்றும் செல்லாமல் இருப்பதற்கு ஆர்வக்குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு மாத இடைவெளியே போதும். புரவல நிறுவனம் முன்பணத்தைத் தள்ளி வைத்தோ, அறை வாடகையை மாத இறுதியில் பெற்றோ இதனைத் தீர்க்க இயலும். செலவில்லாத தீர்வு என்பதாலோ என்னவோ, இது எளிதில் எவர் கண்ணிலும் படுவதில்லை.

வளாகத்தினுள்

முதல் வாரத்தில் அடையாள அட்டை, நூலக அனுமதி, இணையக் கணக்கு, ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி ஆகியவற்றை முடிக்க வேண்டும். எட்டு வாரங்களில் ஒரு வாரம் இவற்றிலேயே கழிந்துவிடக் கூடும். பணியாற்றும் கல்லூரியின் அடையாள அட்டை, முதல்வரின் கடிதம், ஆதார் நகல், ஒளிப்படங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்வது இக்காலத்தைக் குறைக்கும். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்ற அணுசக்தித் துறை வளாகங்களில் நுழைவு அனுமதிக்குப் பாதுகாப்புச் சரிபார்ப்பு தேவைப்படும். அது நாள் பிடிக்கும் செயல் என்பதால் படிவங்களை முன்கூட்டியே அனுப்ப வேண்டும்.

வளாக மருத்துவமனை பொதுவாக அந்நிறுவனப் பணியாளர், மாணவர்களுக்கே உரியது. நிலையான அரசுப் பணியில் உள்ளோர் தமிழ்நாடு அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்வதுடன், வேறு மாநிலமாயின் அது அங்கு எந்த அளவுக்குச் செல்லும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். குடும்பத்தினருக்குத் தங்குமிடம் தரப்படுவது அரிது. குழந்தைக் காப்பகம் உள்ள வளாகங்களிலும் விருந்தினராக வரும் ஆசிரியரின் குழந்தைக்கு இடம் தானாகக் கிடைப்பதில்லை. சிறு குழந்தைகள் உள்ள தாய்மார் பலர் விண்ணப்பிக்கும் எண்ணத்தையே இதனால் கைவிட நேர்கின்றது.

பள்ளி ஆசிரியர்கள்

தமிழ்நாட்டில் பள்ளிகள் பொதுவாகச் சூன் தொடக்கத்தில் திறக்கப்படுவதால் பள்ளி ஆசிரியருக்கு எட்டு வார வளாக வாழ்வு ஏறத்தாழ இயலாதது. ஆகவே அவர்களுக்கான திட்டங்கள் குறுகியனவாக அமைகின்றன. கருநாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரே அருகே உள்ள இந்திய அறிவியல் கழக வளாகத்தில், ஆசிரியர்கள் தங்கிச் செய்முறைகளைப் பயில வசதி செய்யப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் செர்ன் ஆய்வுக்கூடம் 1998 முதல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வாரத் திட்டம் ஒன்றை நடத்தி வருகின்றது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1990இல் தொடங்கிய திட்டத்தில், பள்ளி ஆசிரியர்கள் அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் எட்டு வாரம் வீதம் ஆய்வகங்களில் பணியாற்றினர். அதற்கு ஊதியமும் பெற்றனர். அவர்களின் மாணவர்களைப் பற்றிய ஆய்வு 2009இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. ஆசிரியர் திட்டத்தில் சேர்ந்து மூன்று, நான்கு ஆண்டுகள் ஆன பின்னர், அவரிடம் பயின்றோரின் அறிவியல் தேர்ச்சி, அதே பள்ளிகளில் பிற ஆசிரியர்களிடம் பயின்றோரை விட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாக இருந்தது. முதல் ஆண்டில் அத்தகைய வேறுபாடு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

திரும்பிய பின்

ஆய்வகத்தில் கையாண்ட கருவி ஊர்க் கல்லூரியில் இருக்காது. ஆகவே திரும்பிய பின்னும் தொடரக்கூடிய வேலையைத் தேர்ந்தெடுப்பது ஏற்புடையது. கல்வராயன் மலையே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள அரைப் பசுமைமாறாக் காட்டில் அளவிட்ட நிலத்துண்டுகளை அமைத்து மரங்களை எண்ணிய புதுச்சேரிப் பல்கலைக்கழகச் சூழலியலாளர்களின் ஆய்வு 1999இல் வெளியானது. அதற்குத் தேவைப்பட்டவை அளவுநாடா, தாவரங்களை இனங்காணும் பயிற்சி, வனத்துறை அனுமதி, பல நாள் உழைப்பு ஆகியவையே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில் ஒரு கோடையைக் கழித்துத் தாவரங்களை இனங்காணக் கற்ற தாவரவியல் ஆசிரியர், அடுத்த ஆண்டு மலைச் சிற்றூர்களிலிருந்து வந்த தம் மாணவர்களுடனேயே அத்தகைய கணக்கெடுப்பைத் தொடர முடியும். மரங்களின் உள்ளூர்ப் பெயர்களை அம்மாணவர்களிடமிருந்துதான் அவர் கேட்டறிய வேண்டியிருக்கும்.